பற்றவைக்கும் முன்னால் ஒரு இருட்டு

மாஸ்க்கைத் தலையில் மாட்டும்வரை அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கையில் ஹோல்டரைப் பிடித்து, அதில் செருகிய வெல்டிங் ராடின் நுனியை இரும்புத் தகட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வைத்துக்கொண்டு, மாஸ்டர் சொல்லிக்கொடுத்த மாதிரியே தலையை வெடுக்கென்று ஒரு ஆட்டு ஆட்டினான். மாஸ்க் டப்பென்று முகத்தின் மேல் விழுந்தது. உலகமே அணைந்துபோயிற்று.

வெல்டிங் மாஸ்க்கின் கண்ணாடி அப்படிப்பட்டது. பற்றவைக்கும் சுடரைக் கண் தாங்க வேண்டும் என்பதற்காக அதில் அத்தனை கறுப்பு. சுடர் கிளம்பும்வரை அதன் வழியாகப் பட்டறையின் டியூப்லைட்கூடத் தெரியாது. மற்றவர்களுக்கு அது ஒரு விநாடி இருட்டு. ராடு தகட்டில் உரசியதும் வெளிச்சம் வந்துவிடும். அவனுக்கு அந்த ஒரு விநாடி போதுமானதாக இருந்தது. நெஞ்சுக்குள் யாரோ முழங்காலை வைத்து அழுத்தினார்கள். மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. அடுத்து அவனுக்கு நினைவு வந்தபோது பட்டறைக்கு வெளியே தண்ணீர்க் குழாயடியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். ஹோல்டரை எங்கே போட்டான், மாஸ்க்கை எப்படிக் கழற்றினான் என்று ஒன்றும் தெரியவில்லை. உள்ளே பதினோரு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா ஸ்பேனர், பேய் கீய் பார்த்துட்டியா?"

ஸ்பேனர் என்பது சிறையில் அவனுக்கு விழுந்த பெயர். லாரிப் பட்டறையில் வேலை செய்தபோது வாய்த்தகராறு முற்றி, கையிலிருந்த ஸ்பேனரால் கூட வேலை பார்த்தவனின் தலையில் அடித்துவிட்டான். அடி வாங்கியவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் ஒரு காது போய்விட்டது. இவனுக்கு நாலு வருஷம். அதில் மூன்று வருஷத்துக்கு மேல் கழித்தாயிற்று. விடுதலைக்கு இன்னும் பத்து மாதம்.

வெல்டிங் வகுப்பில் சேர்வதற்கு அவன் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. அக்காதான் ஆரம்பித்து வைத்தாள். மாதம் ஒருமுறை வந்து கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்காருவாள். ஒருநாள் உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க மாமா கம்பெனியில ஆள் எடுக்கறாங்களாம். உள்ள இருந்து வந்தவன்னு பார்க்க மாட்டாங்களாம். வெல்டிங் சர்டிபிகேட் மட்டும் கையில இருக்கணுமாம். இங்க அந்தக் கிளாஸ் நடக்குதாமே? சேருடா. உன் கால்ல வேணா விழறேன்."

"நீ எதுக்கு என் கால்ல விழணும்? சேர்றேன்."

"சேர்றேன்னு சொல்லிட்டுப் பாதியில விட்டுட்டு வராத. உன்னப் பத்தி எனக்குத் தெரியும்."

தெரியும்தான். பள்ளிக்கூடம், டிரைவர் லைசென்ஸ், கல்யாணப் பேச்சு என்று அவன் பாதியில் விட்டவற்றை எண்ண இரண்டு கை போதாது. இதையாவது முடிப்பது என்று அன்றைக்கே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டான். மூன்று வாரம் அரம் பிடித்தான், கிரைண்டர் ஓட்டினான், தகடு வெட்டினான். மாஸ்டரே ஒருநாள், "கை நல்லா நிக்குதுய்யா உனக்கு" என்றார். வெளியிலிருந்து பாடம் நடத்த வரும் மனிதர் அவர்; மூக்கின் மேல் பழைய தீப்பொறி வடு இருக்கும்; பாராட்டு என்பது வாயில் சுலபமாக வராது. அப்படிப்பட்டவர் சொன்ன பிறகுதான் இந்த இருட்டு வந்து குறுக்கே நின்றது.

அடுத்த நாளும் அதேதான் நடந்தது. அதற்கடுத்த நாள் ஹோல்டரைப் பக்கத்து ஆளின் காலருகே வீசிவிட்டான். மாஸ்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது ஆபத்தான வேலைப்பா. நீ இப்படித் தூக்கிப் போட்டா நாளைக்கு எவன் கண்ணாவது போயிடும். புக் பைண்டிங்ல ஒரு இடம் காலியா இருக்கு. மாறிக்கிறியா?"

"மாற மாட்டேன் மாஸ்டர்."

"பின்ன என்ன பண்ணப்போற?"

என்ன பண்ணுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "ஒரு மாசம் குடுங்க. அதுவரைக்கும் வெட்டற வேலை, தேய்க்கற வேலை எல்லாம் செய்யறேன். மாஸ்க்க ஒரு மாசம் கழிச்சுப் போடறேன்."

மாஸ்டர் அவன் முகத்தையே பார்த்தார். "சரி. ஒரு மாசம். ஒரு நாள் கூடுதலா கேட்காத."

இருட்டு எங்கிருந்து வந்தது என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. போன வருஷம் குளிக்கிற இடத்தில் நடந்த அடிதடியில் அவனும் கையை நீட்டினான். அதற்குத் தண்டனையாகத் தனி அறை. கைதிகள் அதை 'டப்பா' என்பார்கள். பத்தொன்பது நாள் உள்ளே இருந்தான். ஜன்னல் கிடையாது, மேலே ஒரு பல்பு, கதவில் சாப்பாடு தள்ளுவதற்கு ஒரு சந்து. நாலாம் நாள் அந்தப் பல்பு போய்விட்டது. "மாத்திடறோம்" என்றார்கள். மாற்றவில்லை. பதினைந்து நாள் அந்தச் சந்து திறக்கும்போது மட்டும் வெளிச்சம் பார்த்தான். வெளியே வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தான். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்துவதை விட்டுவிட்டான். சட்டையைத் தலைவழியாகக் கழற்றும்போது அவசரப்படுவான். இதையெல்லாம் பழக்கம் என்றே எடுத்துக்கொண்டான்.

புதன்கிழமைதோறும் மனநல ஆலோசனை சொல்லக் கவுன்சிலர் மேடம் வருவார். மருந்தகத்துக்குப் பக்கத்திலிருந்த சாமான் அறையைக் காலி செய்து அவருக்குக் கொடுத்திருந்தார்கள். முதல்முறை வந்தபோது, "எந்த வார்டு கவுன்சிலர்? எங்க வார்டுல சாக்கடை அடைச்சிருக்கு, வந்து பாருங்க" என்று எவனோ கேட்டுவைக்க, அதிலிருந்து அவரிடம் போகிறவனையெல்லாம் 'அடைப்பு எடுக்கப் போறான்' என்று கிண்டல் செய்வார்கள். அதற்குப் பயந்தே பலர் போகமாட்டார்கள். இவனும் மூன்று வருஷமாகப் போனதில்லை.

அந்தப் புதன்கிழமை போனான். மூன்று பேர் வேண்டுமென்றே மூக்கைப் பொத்தினார்கள். பார்க்காத மாதிரி நடந்தான்.

மேடம் குள்ளமானவர். காலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய துணிப்பை. விதிப்படி கதவு பாதி திறந்திருந்தது. வெளியே ஒரு வார்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குப் பைத்தியம் எல்லாம் இல்லீங்க," என்று ஆரம்பித்தான்.

"நல்லது. வேற என்ன?"

"மாஸ்க் போட முடியல. போடணும். ஒரு மாசத்துல."

அவர் சிரிக்கவில்லை. மாஸ்க் எப்படி இருக்கும், எவ்வளவு எடை, போட்டதும் உடம்பில் முதலில் என்ன ஆகிறது, கையா, நெஞ்சா, தொண்டையா என்று கேட்டுக்கொண்டே போனார். இத்தனை வருஷத்தில் அவனை யாரும் இப்படிப் பகுதி பகுதியாக விசாரித்ததில்லை. போலீஸ்கூட. டப்பாவைப் பற்றியும் பல்பைப் பற்றியும் சொன்னான்.

"அந்த இருட்டுல என்ன செய்வீங்க?"

அவன் பாதி திறந்த கதவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "ஒரு சத்தம் கேக்கும். நான் அடிச்சப்ப வந்த சத்தம். அவனுக்கு ஒரு காது போச்சு. எனக்கு ரெண்டு காதும் நல்லாருக்கு, அதனால எனக்குக் கேக்குதோ என்னமோ," என்றான்.

அதைக் கேட்டு அவர் அவனைத் தேற்றவும் இல்லை, மழுப்பவும் இல்லை. "அதைப் பத்தியும் பேசலாம். ஒரு மாசத்துல முடியாது அது. மாஸ்க்க முதல்ல பார்ப்போம்," என்று ஒரு தாளை எடுத்தார். அதில் மலை மாதிரி ஒரு கோடு வரைந்தார்.

"பயம் இப்படித்தான் ஏறும். உச்சிக்குப் போகும். ஆனா அங்கேயே நிக்க அதுக்குத் தெம்பு கிடையாது. உடம்பால அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. தானா இறங்கிடும். நீங்க என்ன பண்றீங்க, உச்சிக்குப் போறதுக்கு முன்னாடியே மாஸ்க்கப் பிடுங்கிப் போட்டு ஓடிடறீங்க. அது இறங்கறத நீங்க பார்த்ததே இல்ல."

"இறங்குமா?"

"இறங்கும். ஆனா உட்கார்ந்து பார்த்தாத்தான் தெரியும். முதல்ல ஒரு நிமிஷம். அப்புறம் ரெண்டு. ஒவ்வொரு தடவையும் பயம் பத்துக்கு எத்தனைன்னு எழுதி வைங்க. தினமும் செய்யணும். புதன்கிழமை மட்டும் செஞ்சா நான்தான் பாஸாவேன், நீங்க ஆக மாட்டீங்க."

தினமும் செய்ய மாஸ்க் வேண்டும். பட்டறைச் சாமான் ஒரு ஆணிகூட அறைக்கு வரக்கூடாது. அதற்கு மனு போட வேண்டும். மனு என்றால் போஸ்ட்மாஸ்டர்.

போஸ்ட்மாஸ்டர் அவனுடைய அறையில் இருந்தவர். தபால் ஆபீசுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கையெழுத்து நன்றாக இருந்ததால் எல்லாருடைய கடிதங்களையும் மனுக்களையும் அவர்தான் எழுதுவார், அதனால் வந்த பெயர். எழுதுவதில் அவருக்கு அசாத்தியக் கர்வம். பேனாவை எடுத்ததும் குரலே மாறிவிடும்.

"'கருணைக் கடலாம் தங்கள் பொற்பாதங்களைப் பணிந்து அடியேன் எழுதிக்கொள்ளும்...' எப்படி?"

"பொற்பாதமெல்லாம் வேண்டாம்ணே. மாஸ்க் வேணும்னு எழுதுங்க. ஏன்னும் எழுதுங்க. பல்பு பதினஞ்சு நாள் எரியலன்னு எழுதுங்க."

போஸ்ட்மாஸ்டர் பேனாவை மூடினார். "தம்பி, பொற்பாதத்த எடுக்கச் சொன்னா எடுக்கறேன். பல்ப உள்ள வைக்கச் சொல்லாத. அந்த வாரம் டியூட்டியில இருந்தது யாருன்னு தெரியுமா?"

"தெரியும். அந்த வரி இல்லாம எதுக்கு மாஸ்க் கேக்கறேன்னு அவங்களுக்கு எப்படிப் புரியும்?"

மனு, அந்த வாரம் டியூட்டியில் இருந்த அதே தலைமை வார்டரிடம்தான் போயிற்று. மறுநாளே கூப்பிட்டார். ஆஜானுபாகுவான மனிதர், ஆனால் கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும். அன்றைக்கு ரொம்பவே தணிந்திருந்தது.

"மாஸ்க் கேக்கற, சரி. இந்த நாலாவது வரி எதுக்கு?"

"அதனாலதான் கேக்கறேன்யா."

"அத அடிச்சிட்டு எழுதிக் குடு. இன்னைக்கே கையெழுத்துப் போட்டு விடறேன்."

பத்து மாதம் இவர் கண்ணில் படாமல் இருக்க முடியாது. ஒரு வரிதானே, அடித்துவிட்டால் மாஸ்க் கைக்கு வந்துவிடும். ஒரு நொடி அப்படித்தான் நினைத்தான். ஆனால் அந்த வரியை அடித்தால், இருட்டைக் கண்டு காரணமில்லாமல் நடுங்குகிற ஒரு கோழை என்றுதான் காகிதத்தில் மிச்சமிருக்கும். மாஸ்டர் அப்படி நினைப்பார். கொஞ்ச நாள் போனால் தானும் அப்படியே நம்பிவிடுவோம் என்று தோன்றியது.

"நடந்ததத்தான் எழுதியிருக்கேன்யா. அடிக்க மாட்டேன்."

"அப்ப மாஸ்க்கும் இல்ல."

"சரிங்கய்யா."

அறைக்கு வந்ததும் போஸ்ட்மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வரிக்காக மாஸ்க்க விட்டுட்டு வந்தியா? உன்ன மாதிரி ஆளுக்கு மனு எழுதி என் பேர்தான் கெடுது."

"இன்னொரு காப்பி எழுதுங்கண்ணே. புகார்ப் பெட்டியில போடறேன். மாசம் பொறந்தா சூப்பரண்டு அய்யாதான் அதத் திறக்கறாரு."

அவர் முனகிக்கொண்டே எழுதினார். ஆனால் 'பதினைந்து நாள்' என்பதற்குக் கீழே தானாகவே ஒரு கோடு இழுத்தார்.

மாதம் பிறக்க இன்னும் மூன்று வாரம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. புக் பைண்டிங்கில் வெட்டி வீசும் அட்டைத் துண்டுகள் குப்பைக்குப் போகும். கேட்டு வாங்கி வர அனுமதி இருந்தது. தடித்த அட்டை இரண்டு, பழைய பதிவேட்டின் கறுப்பு மேலட்டை ஒன்று, கோந்து. மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, தாடையிலிருந்து நெற்றிவரை மூடுகிற மாதிரி ஒரு மாஸ்க் செய்துவிட்டான். பார்ப்பதற்குக் கவிழ்த்த முறம் மாதிரி இருந்தது. போட்டால் உள்ளே சரியான இருட்டு.

தினமும் சாயங்காலம், அறை பூட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் வெளி வராந்தாவில் உட்கார விடுவார்கள். சுவரில் சாய்ந்துகொண்டு அட்டையை முகத்தில் கட்டிக்கொள்வான். போஸ்ட்மாஸ்டர் வராந்தாக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வார். பேசிக்கொண்டே இருப்பது அவருக்குப் பிறவிக் குணமாதலால் அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

முதல் நாள் இருபது விநாடிகூடத் தாங்கவில்லை. பத்துக்குப் பத்து என்று நோட்டில் எழுதினான். இரண்டாம் நாளும் பத்து. மூன்றாம் நாள் நாற்பது விநாடி. வராந்தாவில் போகிறவனெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தான்.

"என்ன ஸ்பேனர், மாப்பிள்ளைக்கு முகம் காட்டக் கூடாதா?"

"உனக்குக் கல்யாணம் வைக்கற அன்னைக்கு எடுக்கறேன்," என்று அட்டைக்குள்ளிருந்தே பதில் வந்தது. குரல் நடுங்கியது, ஆனால் பதில் வந்துவிட்டது. அது ஐந்தாம் நாள். அன்றைக்குத்தான் ஒரு நிமிஷத்தைத் தாண்டினான்.

ஒன்பதாம் நாள் விபரீதமாயிற்று. மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். அந்தச் சத்தம் கேட்டது. இரும்பு மண்டையில் இறங்கிய சத்தம். அட்டையைப் பிய்த்து எறிந்து, வராந்தா ஓரத்தில் வாந்தி எடுத்தான். போஸ்ட்மாஸ்டர் தண்ணீர் கொண்டுவந்தார்.

நோட்டில் பத்து என்று எழுதப் போனவன், அதை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினான்.

புதன்கிழமை மேடம் அதைப் பார்த்தார். "பத்துக்கு மேல இல்லையே."

"அன்னைக்கு இருந்துச்சுங்க."

"சரி. மறுநாள் என்ன பண்ணீங்க?"

"அட்டை கிழிஞ்சு போச்சு. ஒட்டினேன். மறுபடியும் ஒரு நிமிஷத்துல இருந்து ஆரம்பிச்சேன்."

மேடம் நோட்டை மூடி அவனிடமே கொடுத்தார். "சத்தம் கேட்டா விரட்டாதீங்க. 'கேக்குது' அப்படின்னு வாயால சொல்லுங்க. அதுக்கப்புறம் இங்க வேற என்னென்ன சத்தம் கேக்குதுன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க."

சொன்னான். 'அது கேக்குது. வாளி வைக்கிறாங்க. யாரோ இருமறான். சாவிக்கொத்து. அண்ணன் தொணதொணக்கறாரு.' பதினாறாம் நாள் அந்த அதிசயம் நடந்தது. பயம் ஏறியது, எட்டு, ஒன்பது என்று உச்சிக்குப் போனது. அவன் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு, யாரும் ஒன்றும் செய்யாமலே, நெஞ்சின் மேலிருந்த முழங்கால் மெல்லத் தளர்ந்தது. தோள் இறங்கியது. மூச்சு வெளியே வந்தது.

"அஞ்சு நிமிஷம்," என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"இருங்க. இறங்குது. பார்த்துக்கிட்டிருக்கேன்."

எட்டு நிமிஷம் கழித்துத்தான் அட்டையை எடுத்தான். கண்ணெல்லாம் ஈரம். நோட்டில் மூன்று என்று எழுதினான்.

மாதம் பிறந்து நாலாம் நாள், சிறைக் கண்காணிப்பாளரான அந்தச் சூப்பரண்டு அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் மனு இருந்தது. பக்கத்தில் தலைமை வார்டர் விறைப்பாக நின்றிருந்தார். கண்காணிப்பாளர் மெலிந்த மனிதர், எதையும் இரண்டு தடவை படிப்பவர்.

"பல்பு பதினஞ்சு நாள் எரியலங்கறது நிஜமா?"

"நிஜங்கய்யா."

அவர் தலைமை வார்டரைப் பார்த்தார். வார்டர் பதில் சொன்னார். "சாமான் கிடங்குக்குச் சீட்டு எழுதிக் குடுத்தேன் சார். அன்னைக்கே குடுத்தேன். காப்பி இருக்கு. அவங்க குடுக்கல. அப்புறம்... நான் மறந்துட்டேன்."

ஸ்பேனர் வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தான். திறந்துவிட்டான்.

"நான் மறக்கலைங்கய்யா."

குரலை உயர்த்திச் சொல்லவில்லை. தலைமை வார்டர் முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தார். கோபமாகப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

கண்காணிப்பாளர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மூன்று பேரும் டப்பாவுக்குப் போனார்கள். கண்காணிப்பாளர் தனியாக உள்ளே போய், கதவைச் சாத்தச் சொன்னார், விளக்கை அணைக்கச் சொன்னார். வெளியே ஸ்பேனரும் தலைமை வார்டரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். இரண்டு நிமிஷம் ஆனதும் உள்ளேயிருந்து கதவு தட்டப்பட்டது. வெளியே வந்தவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த வாரமே உத்தரவு வந்தது: விளக்கு எரியாத அறையில் ஒருவரையும் வைக்கக் கூடாது, தினமும் ஒருவர் விளக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், தனி அறையிலிருந்து வெளியே வருகிறவர் அந்த வாரமே கவுன்சிலரைப் பார்க்க வேண்டும். அவனுக்கு மாஸ்க்கும் கிடைத்தது, சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்கு. பட்டறையிலிருந்து அதை எடுத்து வந்து கொடுத்தது தலைமை வார்டர்தான். கொடுத்துவிட்டு நின்றார்.

"இப்ப எத்தன நிமிஷம் போடற?"

"பத்துங்கய்யா."

"ம்," என்று போய்விட்டார். மன்னிப்பு என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. இவனும் எதிர்பார்க்கவில்லை.

மாஸ்டரிடம் வாங்கிய தவணை முடிகிற அன்று, பட்டறையில் எல்லாரும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஸ்பேனர் ஹோல்டரைப் பிடித்தான். தலையை ஆட்டினான். மாஸ்க் விழுந்தது. இருட்டு வந்தது. 'கேக்குது,' என்று முணுமுணுத்தான். 'கிரைண்டர் நின்னுடுச்சு. மாஸ்டர் மூச்சு விடறாரு.' ராடைத் தகட்டில் உரசினான். சுடர் பொங்கியது, அதன் நடுவில் உருகிய இரும்பு சின்னக் குட்டையாகத் தளும்பியது. அதன் கூடவே கையை நகர்த்திக்கொண்டு போனான். ராடு தீரும்வரை நிறுத்தவில்லை. மாஸ்க்கைத் தூக்கிப் பார்த்தால், அவன் பற்றவைத்த கோடு, பட்டறையில் தையல் என்பார்கள், கோழி கிளறிய மண் மாதிரி கோணல்மாணலாகக் கிடந்தது.

"கேவலமா இருக்கு," என்றார் மாஸ்டர். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. "நாளைக்கும் கேவலமா பண்ணு. தினமும் பண்ணு."

பயம் போய்விடவில்லை. சில நாள் இரண்டு, சில நாள் ஆறு. அக்கா வராத மாதம் ஒருநாள் எட்டுக்குப் போயிற்று. ஆனால் இப்போது அது அவனுக்குத் தெரிந்த பகையாளி. வரும், கத்தும், களைத்துப்போய் உட்காரும்.

வெளியிலிருந்து தேர்வாளர் வந்தார். இரண்டு தகடுகளை அடுக்கடுக்காகப் பற்றவைத்து ஒட்ட வேண்டும். அவர் அதைப் பட்டைகளாக அறுத்து, அழுத்தும் எந்திரத்தில் வைத்து வளைத்துப் பார்ப்பார். விரிசல் விட்டால் தோல்வி. ஸ்பேனர் அன்றைக்கு மாஸ்க்கை இருபத்திரண்டு தடவை கவிழ்த்தான். ஒரு தடவைகூட ஓடவில்லை. அந்தச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. கடைசி அடுக்குக்கு முன், பற்றவைத்த இடத்தின் மேல் ஓடாகப் படியும் கசடைச் சுத்தியலால் தட்டி எடுப்பதில் அவசரப்பட்டுவிட்டான். எந்திரம் வளைத்தபோது பட்டையின் நடுவில் பல்லிளித்த மாதிரி ஒரு விரிசல் திறந்தது.

"உள்ள கசடு மாட்டியிருக்கு," என்றார் தேர்வாளர். "தோல்வி. மூணு மாசம் கழிச்சு வாங்க."

ஸ்பேனர் அந்தப் பட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். தேர்வாளர் மிரண்டுபோய் மாஸ்டரைப் பார்த்தார்.

"கசடுலதானேங்க தோத்தேன்?" என்று கேட்டான். "வேற எதுலயும் இல்லையே? கசடுலதானே?"

"ஆமாய்யா, கசடுதான்."

"கசடுன்னா தட்டி எடுத்துடலாம்ங்க."

அடுத்த மாதம் அக்கா வந்தபோது, தோற்ற கதையைக் கேட்டுவிட்டுக் கண் கலங்கினாள். "பாதியில விட்டுடுவியோன்னு..."

"விடறதா? மூணு மாசத்துல மறுபடியும் எழுதறேன். மாமாகிட்ட சொல்லி வை."

அந்த மூன்று மாதம் கசடு தட்டுவதைத் தவிர அவன் வேறு எதையும் யோசிக்கவில்லை என்று போஸ்ட்மாஸ்டர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் தேர்வில் பட்டை முழுசாக வளைந்தது, ஒரு கீறல் இல்லை. சான்றிதழில் ஸ்பேனர் என்று இல்லாமல் அவனுடைய முழுப்பெயர் அச்சாகியிருந்தது. தன் பெயரை அவன் அச்சில் பார்த்தது அதற்கு முன் தீர்ப்பில்தான். அவனோடு படித்த பதினோரு பேரில் நாலு பேர் இப்போது புதன்கிழமைகளில் மருந்தகத்துப் பக்கம் போனார்கள். மூக்கைப் பொத்துகிறவர்கள் இன்னும் பொத்தினார்கள். ஆனால் அதில் பழைய உற்சாகம் இல்லை.

விடுதலையாகி இரண்டாம் வாரம் கம்பெனியில் சேர்ந்தான். மாமா அவனை வாசல் கேட்டிலேயே விட்டுவிட்டுத் தன் ஷிப்டுக்குப் போய்விட்டார். ஃபோர்மேன் ஒரு பெண்மணி. ஹெல்மெட்டுக்குக் கீழே நரைத்த முடி, காதில் பென்சில். சான்றிதழைப் பார்த்தார், ஒரு துண்டுத் தகட்டில் பற்றவைக்கச் சொல்லிப் பார்த்தார், தலையசைத்தார். பிறகு கொட்டகையின் கோடிக்கு அழைத்துப் போனார். அங்கே ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு உயரமான தண்ணீர்த் தொட்டி ஒன்று நின்றது. மேலே ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு ஓட்டை. உள்ளே கும்மிருட்டு.

"உள்பக்கத் தையல் போடணும். இறங்குவீங்களா?"

நெஞ்சில் முழங்கால் வந்து உட்கார்ந்தது. ஏழு, என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். எட்டு. 'முடியும்' என்று பொய் சொல்லி இறங்கி, பாதியில் ஏறி ஓடி வருவது ஒரு வழி. 'முடியாது' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது இன்னொரு வழி. இரண்டும் அவனுக்கு நன்றாகப் பழகியவை.

"இறங்கறேன் மேடம். ஆனா ஒண்ணு. எனக்கு இருட்டுன்னா கொஞ்சம் தகராறு. உள்ள ஒரு விளக்கு வேணும். மேல ஒரு ஆள் நின்னு எங்கூடப் பேசிக்கிட்டே இருக்கணும். அவர் போகக் கூடாது. அப்படின்னா இறங்கறேன்."

வேலை போயிற்று என்றுதான் நினைத்தான். ஃபோர்மேன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்ன சார் இது, பெருசா ஒண்ணு கேக்கற மாதிரி கேக்கறீங்க? தொட்டிக்குள்ள ஆள் இறங்கினா விளக்கும் காத்தும் உள்ள இருக்கணும், மேல ஒருத்தர் நின்னு குரல் குடுத்துக்கிட்டே இருக்கணும். அது எல்லாருக்கும் உள்ள சட்டம். இல்லாம இறக்கினா என் வேலை போயிடும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். இருட்டுக்குள்ள தனியா ஆள விடற கம்பெனி உருப்படுமா?"

அவன் கையுறையை மாட்டிக்கொண்டு தொட்டியின் மேலே ஏறினான். விளக்கைக் கயிற்றில் கட்டி முதலில் இறக்கினார்கள். மேலே நிற்க வந்த ஆள் வாயில் எதையோ மென்றுகொண்டே, "என்ன பேசணும்ணே?" என்று கேட்டான்.

"எது வேணா பேசுப்பா. நிறுத்தாம பேசு."

ஏணியின் முதல் படியில் காலை வைத்தான். எட்டு. இரண்டாம் படி. மேலே நின்றவன் தன் மாமியார் வீட்டுச் சண்டையை ஆரம்பத்திலிருந்து விஸ்தாரமாகச் சொல்லத் தொடங்கியிருந்தான். ஸ்பேனர் நிதானமாக, ஒவ்வொரு படியாக, உள்ளே இறங்கிக்கொண்டிருந்தான்.